கணக்கில் வராத சாவுகள்

2001ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய 'சாமுராய் ஜாக்' தொடரின் மூன்றாவது அத்தியாயத்தில் பெரும்பகுதி ஒரே சண்டை. கையில் வாளோடு ஒற்றை ஆள். எதிரே அக்கு என்ற அசுரன் ஏவிவிட்ட, வண்டுகளைப் போன்ற இயந்திரப் படை. வாள் இறங்கும் இடமெல்லாம் உலோகம் பிளக்கிறது, கால்கள் துண்டாகி விழுகின்றன, கறுப்புத் திரவம் பீய்ச்சியடிக்கிறது. ஜாக்கின் முகத்திலும் மார்பிலும் அது வழிகிறது. தொடரை உருவாக்கிய கென்டி டார்டகோவ்ஸ்கி இந்தச் சண்டையைப் பழைய ஜப்பானிய வாள்வீச்சுப் படங்களின் பாணியில் அமைத்திருக்கிறார்: நீண்ட மௌனம், திடீர்ப் பாய்ச்சல், பிறகு பீறிடல். நிறம் மட்டும்தான் வேறு. அந்தத் திரவம் சிவப்பாக இருந்திருந்தால் எந்தக் குழந்தைகள் அலைவரிசையும் இதைத் தொட்டிருக்காது. கறுப்பாக இருந்ததால் அது எண்ணெய். எண்ணெய் சிந்துவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

வில்லனின் ஏவலுக்கு நிற்கும் ரோபோ அடியாளைப் பற்றிப் பேச்சு வந்தால், தொழில்நுட்பத்தின் மீது மனிதனுக்குள்ள பயம்தான் இப்படி உருவெடுத்து வருகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தத் தொடர்கள் தயாரிக்கப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த அடியாள் பிறந்தது பயத்திலிருந்து என்பதைவிட ஒரு வசதியிலிருந்து என்பதே பொருந்தும். நாயகன் வெட்டலாம், சுடலாம், கூட்டங்கூட்டமாகச் சாய்க்கலாம். ஆனாலும் அவன் கையில் ரத்தக்கறை படியக் கூடாது. இரண்டையும் ஒருசேர நடத்திக் கொடுக்கும் விதிவிலக்குதான் ரோபோ அடியாள். அந்த விலக்கு நிலைக்கவில்லை. அதைக் குலைத்தது வெளியிலிருந்து வந்த கண்டனம் அல்ல, கதை சொல்வதன் சொந்தத் தேவைதான் என்பது என் வாதம். திரையில் ஓர் அடியாள் சோபிக்க வேண்டுமானால் அவன் மிரட்ட வேண்டும், தயங்க வேண்டும், பயப்பட வேண்டும், அவ்வப்போது சிரிக்கவும் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்கிற ஒன்றை வெறும் தகரம் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

விலக்கு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் வன்முறை நாடளாவிய சர்ச்சையாயிற்று. சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களே முதலில் அடிபட்டன. 1972இல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரி தொலைக்காட்சி வன்முறை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 1975இல், மாலையின் முதல் மணி நேரத்தைக் குடும்பத்தோடு பார்க்கத் தக்கதாக வைத்திருக்க மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டே நீதிமன்றம் அது கருத்துரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தாலும், நிறுவனங்களுக்குள் இருந்த தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் பழக்கத்தை விட்டுவிடவில்லை. கதைவசனத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, இங்கே ஓர் அடியைக் குறை, அங்கே ஒரு சாவை எடுத்துவிடு என்று குறிப்பெழுதி அனுப்புவது அவர்கள் அன்றாட வேலை.

இந்தச் சூழலில்தான் 1978 செப்டம்பர் 17 அன்று ஏபிசி நிறுவனம் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் மூன்று மணி நேரத் தொடக்கத்தை ஒளிபரப்பியது. க்ளென் லார்சன் உருவாக்கிய தொடர். ஓர் அத்தியாயத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் செலவு என்பது அன்றைக்கு மலைக்க வைத்த தொகை. (கேம்ப் டேவிட் சமாதான ஒப்பந்த அறிவிப்புக்காக ஒளிபரப்பு நடுவில் நிறுத்தப்பட்டது. எதிரி நீட்டிய சமாதான ஒப்பந்தத்தை நம்பி மனித குலம் மோசம் போவதுதான் அன்றைய கதை என்பதை நினைத்தால் இந்தத் தற்செயல் விசித்திரமானது.) எதிரிகளான சைலான்கள் முதலில் ஊர்வன இனத்து உயிர்களாகத்தான் திட்டமிடப்பட்டிருந்தார்கள். குடும்பங்கள் பார்க்கும் நேரத்தில் வாராவாரம் இத்தனை உயிர்களைச் சுட்டு வீழ்த்த முடியாது என்பதால் அவர்கள் இயந்திரங்களானார்கள். மாற்றத்தின் தழும்பு கதையிலேயே இருக்கிறது. சைலான்களைப் படைத்த ஊர்வன இனம் எப்போதோ அழிந்துவிட்டது, அவர்கள் செய்த இயந்திரங்கள் மட்டும் போரைத் தொடர்கின்றன என்று தொடருக்குள்ளேயே ஒரு விளக்கம் வருகிறது. உச்சியில் அமர்ந்திருக்கும் தலைவனின் முகத்தில் பல்லியின் சாயல் அப்படியே இருக்கிறது. வெள்ளிபோல் மின்னும் கவசமும், இடமும் வலமுமாக ஓடும் ஒற்றைச் சிவப்புக் கண்ணும் அவனுக்குக் கீழே உள்ள சிப்பாய்களுக்குத்தான்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். அதே தொடக்க அத்தியாயத்தில் மனிதர்கள் வாழும் பன்னிரண்டு உலகங்களும் எரிக்கப்படுகின்றன. தப்பிய சிலரைத் தவிர மனித இனமே அழிந்துபோகிறது. அதைக் காட்டக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. உலகங்களை எரித்தது வில்லனின் கை; நாயகனின் கை எதைச் சுடுகிறது என்பதுதான் பிரச்சினையாயிற்று. ஆக, இந்த விதி காப்பாற்றியது செத்தவர்களை அல்ல, கொல்பவனின் நற்பெயரை. ரோபோ அடியாள் வில்லனுக்கு வேலை செய்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவன் சம்பளமில்லாமல் உழைப்பது நாயகனுக்காக.

இதற்கு இன்னும் தெளிவான சான்று ஆமைகளிடம் கிடைக்கிறது. 1984இல் வெளியான 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்' கறுப்புவெள்ளைக் காமிக்ஸில் ஃபுட் என்ற கூட்டத்தினர் மனிதர்கள். ஆமைகளின் கத்திகள் அவர்கள் உடம்பில்தான் பாய்ந்தன. முதல் இதழிலேயே தலைமை வில்லன் ஷ்ரெட்டர் செத்தும் போகிறான். 1987இல் அது குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடரானபோது ஷ்ரெட்டர் பிழைத்துக்கொண்டான், ஃபுட் வீரர்கள் ரோபோக்களானார்கள். ஒவ்வோர் ஆமையின் கையிலும் அதே ஆயுதம் இருந்தது, அது வெட்டும் பொருள்தான் மாறியிருந்தது. 1990இல் வந்த திரைப்படம் வீரர்களைத் திரும்ப மனிதர்களாக்கியது. ஆயுதங்களைப் பற்றிப் பெற்றோர் முணுமுணுக்கவே, அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் படத்தில் வாள்கள் பெரும்பாலும் முதுகிலேயே தூங்கின. எதிரே நிற்பவன் உலோகமானால் வாள் வெளியே வரும், சதையானால் உறைக்குள் போகும். இவ்வளவு நேரான தொடர்பைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இந்த விலக்குக்கும் எல்லை உண்டு என்பதை பிரிட்டன் காட்டியது. அங்கே தலைப்பிலிருந்த 'நிஞ்சா' 'ஹீரோ' ஆனது. ஆமைகளில் ஒருவனான மைக்கலாஞ்சலோ சுழற்றும் சங்கிலித் தடி ரோபோக்கள் மேல் விழுந்தாலும் சரி, யார் மேல் விழுந்தாலும் சரி, காட்சி வெட்டப்பட்டது.

இதெல்லாம் சிக்கனத்துக்காகச் செய்ததுதானே என்று தயாரிப்புத் துறையை அறிந்தவர்கள் மறுக்கலாம். ஒரே மாதிரி உடை பத்து தைத்தால் பத்து சண்டைக் கலைஞர்களை வைத்து நூறு பேரைக் காட்டலாம். முகம் தெரியாது, வசனம் கிடையாது. நியாயமான பேச்சு. ஆனால் சிக்கனம் முகமூடியை விளக்குமே தவிர உலோகத்தை விளக்காது. 1971இல் ஜப்பானில் தொடங்கிய 'கமென் ரைடர்' தொடரில் ஷாக்கர் என்ற சதிக்கூட்டத்தின் படையாட்கள் கறுப்பு உடுப்பும் முகமூடியும் அணிந்தவர்கள். அதற்கு மேல் எந்தச் செலவும் இல்லாமல் வாரந்தோறும் உதை வாங்கினார்கள். மறுபக்கம், முலாம் பூசிய சைலான் கவசமோ செலவும் பிடித்தது, அணிந்தவரை நடக்கவும் விடவில்லை. பணத்தை மிச்சப்படுத்துவதே நோக்கமென்றால் யாரும் அந்த வழியில் போயிருக்க மாட்டார்கள்.

பயக் கொள்கைக்காரர்களுக்கு இதைவிட நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 1921இல் பிராகில் மேடையேறிய காரெல் சாபெக்கின் நாடகத்திலிருந்தே இயந்திர மனிதன் என்றால் எழுச்சி, எஜமானனைத் தீர்த்துக்கட்டுதல் என்று ஒரு மரபு இருக்கிறது. அடியாள் அந்த மரபைச் சேர்ந்தவன் அல்ல. அவனுடைய இலக்கணமே மீறாமை. மீறிய அந்தக் கணமே அவன் அடியாள் என்ற பதவியை இழந்து வேறு பாத்திரமாகிவிடுகிறான். ஆகவே அவனிடம் பயப்பட ஏதாவது இருக்கிறதென்றால் அது கீழ்ப்படிதல்தான். அதையே பொருளாக எடுத்துக்கொண்டு நேர்த்தியாகச் செய்த படைப்பு ஒன்று உண்டு: பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1977 ஜனவரி, பிப்ரவரியில் நான்கு பகுதிகளாக வந்த 'தி ரோபோட்ஸ் ஆஃப் டெத்'. எழுதியவர் கிறிஸ் பௌச்சர்.

பாலைவனத்தில் மணலைச் சலித்துக் கனிமம் எடுக்கும் பிரம்மாண்டமான ஊர்தி. அதில் சில மனிதர்கள், ஏராளமான ரோபோக்கள். மனிதர்கள் பட்டுடுத்திச் சதுரங்கம் ஆடுகிறார்கள், உழைப்பதெல்லாம் ரோபோக்கள். வாய் பேசாத டம், பேசக்கூடிய வாக், அவர்களை மேய்க்கும் சூப்பர் வாக் என்று மூன்று படிநிலைகள். எல்லோருக்கும் சாந்தமான ஒரே சிற்ப முகம், வாரிச் செதுக்கிய தலைமுடி. மனிதர்கள் ஒவ்வொருவராகக் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறார்கள், ஒவ்வொரு பிணத்திலும் ஒரு சிவப்பு வட்டத் தகடு ஒட்டப்பட்டிருக்கிறது. செயலிழக்கச் செய்த ரோபோக்களை அடையாளம் காண ஆலையில் ஒட்டும் தகடு அது. ஆலைத் தொழிலாளர்கள் அதைக் கேலியாகப் பிணக்குறி என்பார்கள் என்று கதையில் சொல்லப்படுகிறது. பௌச்சர் இந்த ஒரு பொருளுக்குள் முழுக் கதையையும் வைத்துவிட்டார். ரோபோவுக்குப் பிணம் என்ற சொல்லை வேடிக்கையாகவாவது முதலில் பொருத்தியவர்கள் மனிதர்கள். கொலைகாரன் செய்வதெல்லாம் அந்த வேடிக்கையைத் திருப்பி அவர்கள் மேலேயே ஒட்டுவதுதான்.

அந்தக் கொலைகாரன் டாரன் கப்பெல். பிறந்ததிலிருந்து ரோபோக்களால் வளர்க்கப்பட்டவன். தானும் அவர்களில் ஒருவன் என்று நம்பி, கடைசியில் அவர்களைப் போலவே முகத்தில் வர்ணம் தீட்டிக்கொள்கிறான். என் சகோதரர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் போகிறேன் என்கிறான். ஆனால் அவன் செய்த முதல் காரியம் அந்தச் சகோதரர்களின் மூளையைத் திருத்தித் தன் குரலுக்கு மட்டும் கட்டுப்படும் கொலைக்கருவிகளாக்கியது. விடுதலை பேசுகிறவன்தான் கதையிலேயே பெரிய எஜமானன். முடிவும் அதற்கேற்ப வருகிறது. தொடரின் நாயகனான டாக்டரின் ஏற்பாட்டில் அறைக்குள் ஹீலியம் வாயு திறந்துவிடப்படுகிறது; கப்பெலின் குரல் கீச்சென்று மாறுகிறது. அந்தக் குரலை அடையாளம் தெரியாத அவனுடைய முதன்மை ரோபோ எஸ்வி7 அவனையே கொன்றுபோடுகிறது. துரோகம் இல்லை, மனமாற்றம் இல்லை, எழுச்சியும் இல்லை. விசுவாசம் என்று அவன் கட்டியெழுப்பியது சாவி பொருந்தினால் திறக்கும் ஒரு பூட்டு, அவ்வளவுதான். வில்லன்கள் ரோபோ அடியாட்களை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் தொலைக்காட்சியில் வந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பங்கு கேட்காதவன், காட்டிக்கொடுக்காதவன் வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்குக் கிடைத்தது, தன்னை யாரென்று அறியாத ஒன்று.

இதே கதையில் டி84 என்ற ரோபோவும் வருகிறது. பேச முடியாத டம் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது பேசுகிறது. நிறுவனம் அனுப்பிய துப்பறியும் ரோபோ அது. பேசத் தொடங்கியதும் பார்வையாளருக்கு அதன்மேல் ஒட்டுதல் வந்துவிடுகிறது. கடைசியில் டாக்டரைக் காப்பாற்றத் தன்னையே செயலிழக்கச் செய்துகொள்ளும்போது அதைச் சாவு என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேச்சு வந்தால் விலக்கு போய்விடும் என்பதற்கு டி84 நல்ல எடுத்துக்காட்டு. 1978இன் 'கலாக்டிகா'வும் இதிலிருந்து தப்பவில்லை. சைலான் சிப்பாய்களான சென்சூரியன்களைத் தட்டையான மின்குரலில் ஆணை ஏற்பவர்களாக மட்டும் வைத்த தொடர், துரோகி பால்டருக்குத் துணையாக லூசிஃபர் என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. கண்ணாடிபோன்ற தலைக்குள் விளக்குகள் மின்ன, எஜமானனின் ஒவ்வொரு தோல்வியையும் பவ்யமான நக்கலோடு எடுத்துச்சொல்லும் அடியாள் அவன். குரல் கொடுத்தவர் ஜோனதன் ஹாரிஸ். அறுபதுகளில் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரில் டாக்டர் ஸ்மித்தாக வந்து ரோபோவை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தவர் அவர்தான்! வில்லனுக்குப் பேச்சுத்துணை இல்லாமல் காட்சி நகராது, பேச்சுத்துணைக்கு மனம் இல்லாமல் தீராது. தமிழில் இதன் மறுமுனையைக் காணலாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சியில் வாழும் இயந்திர நாய் ஜீனோ வாயாடி. அப்படிப்பட்ட ஒன்று சர்வாதிகாரியின் பக்கம் நிற்கவே முடியாது, கதாநாயகி நிலாவின் பக்கம்தான் நிற்கும் என்பது சுஜாதாவுக்குத் தெரிந்திருந்தது.

'சாமுராய் ஜாக்' நான்காம் பருவத்தில் இந்தச் சிக்கலை ஓர் அத்தியாயம் முழுக்க எடுத்துக்கொண்டது. எக்ஸ்-49 என்பது அக்குவின் பழைய கொலையாளி ரோபோ. அதை வடிவமைத்தவர் அதற்குள் உணர்வுச் சில்லு ஒன்றை வைத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு லூலு என்ற நாய்க்குட்டியோடு அமைதியாக வாழ்கிறது. அக்கு அந்த நாய்க்குட்டியைக் கவர்ந்துபோய், சாமுராயைக் கொன்றால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். கதை முழுவதும் ரோபோவின் தன்மை ஒருமைக் குரலில், பழைய துப்பறியும் படங்களின் மழைக்கால இருட்டில் ஓடுகிறது. மற்ற அத்தியாயங்களில் நாம் யாரோடு நடந்தோமோ அந்த ஜாக் இதில் கடைசியில் எதிர்ப்படும் வெள்ளை உருவம். வழக்கம்போல ஒரே வெட்டு. கீழே விழுந்த ரோபோ, லூலுவைப் பார்த்துக்கொள் என்று கேட்டுவிட்டு அணைகிறது. ஜாக்குக்கு லூலு யாரென்றே தெரியாது. இதுவரை வெட்டப்பட்ட நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு வீடு இருந்ததா, யாரேனும் காத்திருந்தார்களா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்குப் பதில் சொல்லாமலே தொடர் நகர்ந்துவிட்டது. நேர்மையும் வசதியும் ஒரே தொடருக்குள் இப்படி வாழ்ந்ததுதான் எனக்கு சுவாரசியம்.

'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' 2008இல் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்திலேயே இந்த முரணைத் தன்னையறியாமல் அம்பலப்படுத்திக்கொண்டது. குகைக்குள் மூன்று குளோன் வீரர்களிடம் ஜெடை வீரர் யோடா தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்கிறார். முகம் ஒன்றானாலும் உள்ளே நீங்கள் ஒவ்வொருவரும் வேறுவேறு ஆட்கள் என்று பொறுமையாக எடுத்துச்சொல்கிறார். பிறகு வெளியே வந்து அதே பொறுமையோடு டிராய்டு எனப்படும் ரோபோக்களின் படை ஒன்றை நறுக்கித் தள்ளுகிறார். அந்த டிராய்டுகளும் ஒரே அச்சில் வார்த்தவைதான். அவையும் அலுத்துக்கொள்கின்றன, குழம்புகின்றன, நகைச்சுவையாக அலறுகின்றன. அவற்றிடம் யாரும் தனித்தன்மை பற்றிப் பேசுவதில்லை. ஒளிவாள் என்பது தொட்ட இடத்தைத் துண்டாக்கும் ஆயுதம். டிராய்டு இல்லாவிட்டால் வாராவாரம் அதைக் குழந்தைகளுக்குக் காட்டியிருக்க முடியாது. ஆனால் தொடர் வளர வளர அந்தச் சுவர் இடிந்தது. 2014இல் வந்த ஆறாம் பருவத்தில், குளோன்களின் மூளைக்குள்ளும் பிறப்பதற்கு முன்பே ஒரு சில்லு வைக்கப்பட்டிருப்பதும், ஆணை வந்தால் எந்த நண்பனையும் அவர்கள் சுட்டுவிடுவார்கள் என்பதும் தெரியவருகிறது. மனிதன் என்று நாம் அன்பு செலுத்திய படையும் வில்லன் தயாரித்து வைத்த அடியாட் படைதான். 2017இல் 'ரெபல்ஸ்' தொடரின் 'தி லாஸ்ட் பேட்டில்' அத்தியாயம் கணக்கை முடித்தது. போர் முடிந்தது தெரியாமல் அகமார் கோளில் மறைந்திருக்கும் டிராய்டுகளும், கிழவனாகிவிட்ட குளோன் தளபதி ரெக்ஸும் எதிரெதிரே நிற்கிறார்கள். உங்கள் இரு பக்கமுமே ஜெயிக்கவில்லை, இரண்டையும் மோதவிட்டவன்தான் ஜெயித்தான் என்று அந்தப் போருக்குப் பிறகு பிறந்த ஓர் இளைஞன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி உண்மையிலேயே கனமான மறுப்புக்கு வருவோம். மனிதர்களை வெட்டுவதைக் காட்டுவதைவிட இயந்திரங்களை வெட்டுவதைக் காட்டுவது மேல் அல்லவா? குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரியும். ரோபோ உடைந்தால் யாருக்கும் வலிக்காது. இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ரோபோ சண்டை பார்த்துக் குழந்தைகள் முரடர்களாகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் அறுபதுகளின் இறுதியிலிருந்து தொலைக்காட்சி வன்முறையை எண்ணத் தொடங்கியபோது, கார்ட்டூனில் வருவதையும் வேடிக்கைக்காக வருவதையும் விடாமல் எண்ணினார். ஒளிபரப்பு நிறுவனங்கள் எண்ணிக்கையை ஊதிப்பெருக்குகிறார் என்று குறைபட்டன. அவர் பதில் எளிமையானது: திரையில் வரும் வன்முறை அதிகாரத்தைக் கற்றுக்கொடுக்கிறது. யார் யாரை என்ன செய்துவிட்டுக் கேள்வியில்லாமல் போகலாம் என்ற பாடம், மேலே தடவிய நகைச்சுவையால் மாறிவிடாது. ரோபோ அடியாளுக்கு இது அப்படியே பொருந்தும். வலி இல்லை என்பது எழுத்தாளர் கொடுக்கும் உறுதிமொழி. அதே எழுத்தாளர்தான் அந்த ரோபோ தடுமாறி ஓடுவதையும் கைதூக்கிச் சரணடைவதையும் எழுதுகிறார். கண் ஒன்றைப் பார்க்கிறது, விதி வேறொன்றைச் சொல்கிறது. கண்ணை நம்பாதே என்று பார்வையாளரைப் பழக்குவது அவ்வளவு பாதிப்பில்லாத காரியமா என்பதே என் ஐயம்.

இந்த ஐயம் டார்டகோவ்ஸ்கிக்கும் இருந்திருக்க வேண்டும். 2017இல் பெரியவர்களுக்கான இரவு நேரப் பிரிவில் அவர் 'சாமுராய் ஜாக்'கை முடித்துவைக்க வந்தபோது, அக்குவின் புதல்விகள் எனப்படும் ஏழு கொலைகாரிகளை ஜாக்கின் மீது ஏவினார். கறுப்பு உடல், வெள்ளை முகமூடி. பார்த்தால் இன்னொரு இயந்திரக் கூட்டம். ஜாக் அவற்றை இயந்திரம் என்றே எண்ணி ஒருத்தியின் கழுத்தை அறுக்கிறான். சிவப்பாக வருகிறது. ஐம்பது ஆண்டுகளாகப் போரிட்டுவந்தவன் அங்கே உறைந்து நிற்கிறான். வெறும் நட்டும் போல்ட்டும் என்று நினைத்தேன் என்பதுதான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். இதற்கு முந்தைய நான்கு பருவங்களும் நின்றது அதே சமாதானத்தின் மேல்தான். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் வாதத்தை நாயகன் வாயில் வைத்து, அது எவ்வளவு மெலிந்தது என்று காட்டிவிட்டார் இயக்குநர். ஆனாலும் இந்தத் துணிச்சலுக்கும் ஒரு வரம்பு இருந்தது. அதிர்ச்சி வந்தது மனித ரத்தம் தெரிந்ததால்தான். எக்ஸ்-49ஐ யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த வரம்பைத் தாண்ட முயன்றது ரொனால்ட் மூர் 2003இன் இறுதியில் புதுப்பித்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. இதில் சைலான்களைச் செய்தவர்கள் மனிதர்கள்தான். சைலான்கள் மனிதத் தோற்றத்தில் பன்னிரண்டு வகைகளாக வளர்ந்துவிட்டார்கள். அவர்களைச் சித்திரவதை செய்வது குற்றமா என்ற கேள்வியைத் தொடர் தயங்காமல் கேட்டது, 2009இல் ஐ.நா. அவையில் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்து மனித உரிமை பற்றிப் பேசவைக்கும் அளவுக்கு அது பேர் வாங்கியது. ஆனால் பழைய உலோகச் சென்சூரியன்கள் என்னவானார்கள்? கணினியில் வரைந்த உருவங்களாகி, பேச்சையும் இழந்து, மனித உருவச் சைலான்களுக்கு வாயிற்காவலும் படைவேலையும் செய்தார்கள். ஒருகாலத்தில் தாங்கள் கிளர்ந்தெழுந்ததுபோல இவர்களும் எழுந்துவிடக் கூடாது என்று, சிந்தனையைத் தடுக்கும் கருவியொன்றை எஜமானர்கள் இவர்களின் தலைக்குள் வைத்திருந்தார்கள். விடுதலை பெற்ற அடிமை தனக்கென்று அடிமை தேடிக்கொண்ட கதை. 2008இல் வந்த 'சிக்ஸ் ஆஃப் ஒன்' அத்தியாயத்தில், சைலான்களுக்குள் பிளவு வரும்போது ஒரு தரப்பு அந்தக் கருவியை எடுத்துவிடுகிறது. மனிதர்களைத் தாக்க மறுத்த தங்கள் போர் விமானங்களின் மூளையை மறுதரப்பு சிதைத்துக்கொண்டிருந்தது என்ற செய்தியும் சென்சூரியன்களிடம் சொல்லப்படுகிறது. அவர்கள் அறைக்குள் வருகிறார்கள், துப்பாக்கியை உயர்த்துகிறார்கள், மறுதரப்பைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். பேச்சு வந்தால்தான் விலக்கு போகும் என்ற என் வாதத்துக்கு இது ஒரு திருத்தம்: இவர்களுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை, மறுப்பு மட்டும் போதுமானதாக இருந்தது.

2009இல் வந்த நிறைவு அத்தியாயங்களில் இந்தச் சென்சூரியன்கள் மனிதர்களோடு சேர்ந்து பழைய எஜமானர்களின் கோட்டையைத் தாக்குகிறார்கள். போர் முடிந்ததும் ஒரு தாய்க்கப்பலையே அவர்களிடம் ஒப்படைத்து அனுப்பிவைக்கிறார்கள். ஒருநாள் திரும்பி வந்து நம்மை அழித்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. விடுதலைக்கு உரியவர்களாகிவிட்டார்கள் என்பதே பதில். தொலைக்காட்சியில் ரோபோ அடியாட்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் அந்தத் தாக்குதல் காட்சியைக் கூர்ந்து பார்த்தால், நம் பக்கத்துச் சென்சூரியன்களின் மார்பில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பது தெரியும். இரு பக்கமும் ஒரே வார்ப்பு, ஒரே முகம். சுடுபவர்களுக்கு ஆள் தெரிய வேண்டுமே என்று தீட்டிய பட்டை அது. பட்டை இல்லாதவர்களின் தலைக்குள் தடைக்கருவி இன்னும் இருக்கிறது. அவர்கள் அங்கே நிற்பது தாங்களாக எடுத்த முடிவால் அல்ல. கருவியை எடுத்தால் என்னவாகும் என்று தெரிந்துகொண்டபின்பும் அவர்களைக் குவியல் குவியலாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள், விடுதலை பெற்ற சகோதரர்களும் சேர்ந்தே சுடுகிறார்கள். 1978இல் எழுதிய விலக்கு அந்தப் பட்டை இல்லாத மார்புகளுக்கு மட்டும் இன்னமும் செல்லுபடியாகிறது. எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தொடரில் எவரும் கேட்பதில்லை.